இளைஞரின் மனச்சோர்வும் மருந்துப் பரீட்சையும்

மரக்காணம் என்றதும் தமிழ் நாட்டாருக்கு உப்பு ஞாபகம் வரும். சென்னையிலிருந்து கடலோரச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், கழுவெளியை ஒட்டிப் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களையும், வெயிலில் கண் கூசச் செய்யும் உப்பு அம்பாரங்களையும் காணாமற் போக முடியாது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, உச்சி வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றும் ஆண்களும் பெண்களும் நம் அனைவருடைய சோற்றுக்கும் சுவை தருகிறவர்கள். உப்பின் பொருட்டு 1930-ம் வருஷத்தில் வேதாரணியத்தில் நம்மவர் தடியடி பட்டுச் சிறை புகுந்த சரித்திரத்தை மறவாத நாம், உப்பளத் தொழிலாளரின் கூலியைப் பற்றியும், மழைக் காலத்தில் வேலையின்றி அவர்கள் படும் கஷ்டத்தைப் பற்றியும் பேசி வருகிறோம். பேச வேண்டியதுதான். ஆயினும், அவ்வீடுகளில் வளரும் இளம் பிள்ளைகளின் உள்ளத்தைப் பற்றும் ஒரு வியாதியைக் குறித்து நாம் போதுமான அளவு பேசியதில்லை. அவ்வியாதி மனச்சோர்வு. அதற்கு மருந்து உண்டா, அம்மருந்தை இளம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கொடுக்கலாமென்பதை எவர் எவ்வாறு பரீட்சித்தார்கள் என்பவை பொது ஜனங்கள் அறிய வேண்டிய விஷயங்கள்.

வியாதியின் தன்மை

துக்கம் வேறு, இவ்வியாதி வேறு. தேர்வில் தோற்ற பிள்ளை அழுவதும், தாயை இழந்த பிள்ளை உண்ணாதிருப்பதும் இயற்கை. நாட் செல்லச் செல்ல அது ஆறும். மனச்சோர்வென்னும் வியாதியோ இரண்டு வாரமும் அதற்கு மேலும் விடாமல் நிற்பது. விளையாட்டில் விருப்பம் போகும், உறக்கம் கெடும், உணவு கசக்கும், பாடம் மனத்தில் நில்லாது, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஓயாது அரிக்கும், உயிர் வாழ்வதே பாரமாகத் தோன்றும். இளம் பருவத்தில் இது கண்ணீராக வெளிப்படாமல், எரிந்து விழும் கோபமாக வெளிப்படுவதும் உண்டு. ஆகையால் தகப்பன் அதைத் திமிர் என்கிறான். உபாத்தியாயர் சோம்பல் என்கிறார். பாட்டி காற்றுக் கருப்பு என்கிறாள். திமிருக்கு அடியும், சோம்பலுக்கு வசையும், காற்றுக் கருப்புக்கு வேப்பிலையும் கிடைக்கின்றன. வியாதிக்கு வேண்டிய சிகிச்சை மாத்திரம் கிடைப்பதில்லை.

இது பட்டணத்தார் வியாதி, வயிறு நிறைந்தவர் வியாதி என்று சொல்வோர் உண்டு. அவர்கள் வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கலாசாலையார், லக்ஷத்துக்குச் சற்று அதிகமான கிராம ஜனங்களிடையே 1992 முதல் 2001 வரை நேர்ந்த மரணங்களின் காரணங்களை விசாரித்து எழுதி வந்தனர். 10 முதல் 19 வயதுக்குட்பட்டாருள் தற்கொலையால் மாண்டவர், லக்ஷம் பேருக்கு வருஷந்தோறும் பெண்களில் 148, ஆண்களில் 58 என்று 2004-ம் வருஷத்தில் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் அவர்கள் பிரசுரித்தனர். அவ்வயதில் இறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறந்தவர்களே. தற்கொலைகள் யாவும் மனச்சோர்வினால் நேர்வன அல்ல. குடும்பச் சச்சரவும், ஒரு நிமிஷத்து ஆத்திரமும், கைக்கெட்டும் பூச்சி மருந்தும் பலரைக் கொண்டு போகின்றன. எனினும் மனச்சோர்வு அதன் முக்கிய காரணங்களுள் ஒன்றென்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் நடத்திய தேசிய ஆராய்ச்சியில், 13 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி உண்டெனக் கண்டனர்.

மரக்காணம் கரையோ பல அடிகளைத் தாங்கிய கரை. 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப் பேரலை அக்கரையின் குப்பங்களிலும் புகுந்தது. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரை ஏறியது. புயல் போன பின் படகுக்கும் பாத்திக்கும் நஷ்டம் எவ்வளவு என்று அதிகாரிகள் கணக்கெடுப்பர். பிள்ளைகளின் மனத்துக்கு நேர்ந்த நஷ்டம் அக்கணக்கில் ஏறுவதில்லை.

பரீட்சை எதற்கு?

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. 1957-ல் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து வைத்தியர் ரோலண்ட் கூன் என்பார் இமிப்ரமின் என்ற மருந்தின் குணத்தை வெளியிட்டார். 1987-ல் ஃபுளுவாக்ஸெட்டின் என்னும் மருந்துக்கு அமெரிக்க சர்க்கார் அனுமதி அளித்தது. இவையெல்லாம் வயது வந்தவர்களிடம் பரீட்சிக்கப்பட்டவை. பிள்ளைகளுக்கோ, பெரியவருக்குக் குணம் தந்தது சிறியவருக்கும் தரும் என்ற அநுமானத்தின் மேல் பல காலம் கொடுத்து வந்தனர். பின்னர் பரீட்சித்துப் பார்க்கையில், இமிப்ரமின் வகுப்பைச் சேர்ந்த பழைய மருந்துகள் பிள்ளைகளிடத்தில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை எதுவும் காட்டவில்லை என்று தெரிந்தது. பெரியவரின் அளவைச் சிறியவருக்கு வெட்டித் தைக்கும் வேலை வைத்தியத்தில் செல்லாது.

வெற்று மாத்திரை என்பது மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத மாத்திரை. அதை ஏன் கொடுக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். மனச்சோர்வு சிலருக்குத் தானே நீங்கும். வேறு சிலருக்கு, மருந்து உண்கிறோம் என்ற நம்பிக்கையே தெம்பு கொடுக்கும். டாக்டர் வாரந்தோறும் அழைத்து உட்கார வைத்து விசாரிப்பதனாலேயே தேறுகிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் கழித்த பின் மருந்தின் சொந்தக் குணம் எவ்வளவு என்று அறிவதற்கு வேறு வழி இல்லை. ஆகவே பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு மருந்தும் மற்றொரு பகுதியாருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, எவருக்கு எது என்பதைப் பிள்ளைக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் மறைத்து வைத்து, முடிவில் எண்ணிப் பார்க்கின்றனர். வெற்று மாத்திரை உண்போரையும் மருந்து உண்போரைப் போலவே விடாது கவனித்து, நிலை மோசமானால் உடனே தக்க சிகிச்சைக்கு மாற்றுவது இம்முறையின் தர்மம். அத்தர்மம் இருக்குமட்டும் இது கொடுமையன்று. பரீட்சை செய்யாத மருந்தைத் தேசமெங்கும் பிள்ளைகளுக்கு வழங்குவதே கொடுமை.

நேர்மையான ஒரு பரீட்சை

அமெரிக்க சர்க்காரின் தேசிய மனநல ஸ்தாபனம் பொதுப் பணத்தைக் கொண்டு இத்தகைய பரீட்சை ஒன்றை நடத்தி, 2004-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டது. 13 இடங்களில், 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 439 பிள்ளைகள் அதில் சேர்ந்தனர். ஒரு பகுதியாருக்கு ஃபுளுவாக்ஸெட்டின். ஒரு பகுதியாருக்கு வெற்று மாத்திரை. ஒரு பகுதியாருக்கு மருந்தின்றிப் பேச்சினாலும் பயிற்சியினாலும் எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை. நான்காம் பகுதியாருக்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்து. 12 வாரங்களின் முடிவில் தேறினோர், இரண்டும் பெற்றவரில் நூற்றுக்கு 71, மருந்து மாத்திரம் பெற்றவரில் 61, பேச்சுச் சிகிச்சை மாத்திரம் பெற்றவரில் 43, வெற்று மாத்திரை பெற்றவரில் 35.

இவ்வெண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். மருந்து பயனுடையதென்பது முதற் செய்தி. மருந்தோடு மனிதர் துணையும் சேர்ந்தால் பயன் மிகும் என்பது இரண்டாவது. மூன்றாவது செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. சரக்கற்ற மாத்திரை உண்டவரிலும் மூன்றில் ஒரு பங்கினர் தேறினர். இயல்பாகத் தேறுதல் ஒருபுறமிருக்க, ஒழுங்காக அழைக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, ஒருவர் நம்மைப் பார்த்துக்கொள்கிறார் என்று அறிந்ததும் அதற்குக் காரணமாகும். சிகிச்சை துவங்கி 36 வாரங்கள் சென்றபின் பார்த்தபோது, பேச்சுச் சிகிச்சை மாத்திரம் பெற்றவர்கள் மருந்து மாத்திரம் பெற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டனர். இரு பகுதியாரிலும் நூற்றுக்கு 81 பேர் தேறியிருந்தனர். மருந்து விரைவைத் தருகிறது. மனிதர் துணை தாமதமாயினும் வந்து சேர்கிறது.

மறைக்கப்பட்ட ஒரு பரீட்சை

இனி மற்றொரு பரீட்சையைப் பார்ப்போம். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், பராக்ஸெட்டின் என்ற மருந்தைத் தயாரித்த ஸ்மித்கிளைன் பீச்சம் கம்பெனி, 275 இளம் பிள்ளைகளிடம் அம்மருந்தைப் பரீட்சித்தது. அக்கம்பெனியே பின்னர் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற பெரிய கம்பெனியில் கலந்தது. ஆரம்பத்தில் வகுத்துக்கொண்ட முக்கிய அளவைகளின்படி மருந்து வெற்று மாத்திரையை வெல்லவில்லை. மருந்து பயன்படவில்லை என்று வெளியிடுவது வியாபாரத்துக்கு ஒவ்வாது என்று 1998-ம் வருஷத்துக் கம்பெனிக் குறிப்பு ஒன்று கூறிற்று. ஆயினும் 2001-ல் வைத்தியப் பத்திரிகையில் வந்த கட்டுரையோ, மருந்து பயனுடையது, பெரும்பாலும் தீங்கற்றது என்று முடிவு சொல்லிற்று. அதை நம்பி வைத்தியர்கள் சீட்டு எழுதினர்.

2003 ஜூனில் பிரிட்டிஷ் அதிகாரிகள், 18 வயதுக்குட்பட்டாரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் கொடுக்கலாகாது என்று எச்சரித்தனர். 2004-ல் நியூயார்க் மாகாணத்துச் சட்ட அதிகாரி வழக்குத் தொடுத்தார். கம்பெனி 25 லக்ஷம் டாலர் செலுத்தி ராஜியாயிற்று. 2012-ல், இம்மருந்தைப் பிள்ளைகளுக்கு உரியதாகப் பிரசாரம் செய்ததும், வேறு பல குற்றங்களும் சேர்ந்து, அதே கம்பெனி அமெரிக்க சர்க்காருக்கு 300 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. 2015-ல் வேறு ஆராய்ச்சியாளர் மூல ஆவணங்களை வாங்கி மீண்டும் எண்ணிப் பார்த்தனர். மருந்துக்குப் பயன் காணவில்லை. தற்கொலை எண்ணமும் தன்னைத் தானே துன்புறுத்தலும் முதற் கட்டுரையில் காட்டியதைவிட அதிகமாயிருந்தன. முதற் கட்டுரைக்கும் இரண்டாம் எண்ணிக்கைக்கும் இடையே சென்றவை பதினான்கு வருஷங்கள்!

அப்பரீட்சையில் சேர்ந்த 275 பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் எதற்காகச் சேர்ந்தார்கள்? தமக்குக் குணம் கிடைக்கும், கிடைக்காவிடினும் மற்றப் பிள்ளைகளுக்கு உண்மை தெரியும் என்றே சேர்ந்தார்கள். அவர்கள் கொடுத்த உண்மையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, ஏழையின் நெற்றி வியர்வையைத் திருடுவதைவிடக் குறைந்த குற்றம் என்று எவர் சொல்லக் கூடும்?

எச்சரிக்கையின் பொருள்

2004 அக்டோபரில் அமெரிக்க மருந்து அதிகாரிகள், 24 பரீட்சைகளில் சேர்ந்த 4,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இவ்வகை மருந்துகள் அனைத்தின் மேலும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டனர். மருந்து உண்டவரில் நூற்றுக்கு 4 பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவரில் 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தோன்றியிருந்தது. அப்பரீட்சைகளில் எவரும் மாண்டதில்லை. ஆபத்து அதிகமாகத் தோன்றுவது சிகிச்சை துவங்கும் முதல் வாரங்களிலும், அளவை மாற்றும் சமயத்திலும்.

இதைக் கேட்டு மருந்தையே தீயென அஞ்சி ஓடுவது பிசகு. சிகிச்சையற்ற மனச்சோர்வும் உயிரைக் குடிப்பதுதான். 2016-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியில், 14 மருந்துகளைப் பற்றிய 34 பரீட்சைகளை ஒருங்கே எடைபோட்டபோது, பிள்ளைகளிடத்தில் வெற்று மாத்திரையைவிட மேம்பட்டதாக நின்றது ஃபுளுவாக்ஸெட்டின் ஒன்றே. ஆகவே எச்சரிக்கையின் பொருள் இதுதான்: தக்க மருந்தைத் தக்க பிள்ளைக்கு, தக்க அளவில், கண்ணும் கருத்துமாய்க் கவனிக்கும் ஒருவரின் பார்வையில் கொடுக்க வேண்டும். முதல் நான்கு வாரமும் வாரம் ஒரு முறை நேரிற் பார்க்க வேண்டும் என்று 2004-ல் அமெரிக்க அதிகாரிகள் முதலில் வகுத்த யோசனையின் கருத்தும் அதுவே. தேறிவிட்டதென்று தாமாகவே திடீரென மருந்தை நிறுத்துவதும் ஆகாது. துவக்குவதும் நிறுத்துவதும் வைத்தியர் சொற்படி நடக்க வேண்டியவை.

மரக்காணத்துக்கு வருவது எது?

இப்பொழுது மரக்காணத்துக்குத் திரும்புவோம். ஃபுளுவாக்ஸெட்டின் விலை உயர்ந்த மருந்தன்று. இந்தியாவிலேயே பல கம்பெனிகள் செய்கின்றன. மாத்திரை அக்கரையை எளிதில் எட்டிவிடும். மாத்திரையோடு வர வேண்டிய மனிதர் எட்டுவாரா? அதுதான் கேள்வி. மனோவைத்திய நிபுணரைக் காணப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் மருத்துவக் கலாசாலை ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமானால், பிள்ளையோடு தாயும் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டும். வாரந்தோறும் அப்படி ஏற எந்த உப்பளத் தொழிலாளியால் முடியும்? ஆகவே ஒரு முறை போய் இரண்டு மாதத்து மாத்திரையை வாங்கி வருவதே அவர்களால் ஆகும் காரியம். அந்த இரண்டு மாதமே மிகவும் கவனிக்க வேண்டிய காலம் என்று மேலே கண்டோம்.

மேல் நாட்டுப் பரீட்சைகள் நமக்குச் சொல்வது ஒரு மருந்தின் பெயரை மாத்திரம் அன்று. அப்பரீட்சைகளில் குணம் பெற்ற பிள்ளைகள் பெற்றது மாத்திரையும், குறித்த நாளில் காத்திருந்து விசாரித்த மனிதரும் ஆகிய இரண்டையும். நாம் முதற் பாதியை விலைக்கு வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், அவர்கள் கண்ட பயனை எதிர்பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

இரண்டாம் பாதி நமக்கு எட்டாதது என்பதும் உண்மையன்று. 2010-ல் வெளியான கோவா ஆராய்ச்சியில், டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய தோழர்களும், வைத்தியப் பட்டமில்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, சர்க்கார் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வும் கலக்கமும் உற்றோரை விசாரிக்கவும் தேற்றவும் செய்தனர். அந்நிலையங்களில் தேறியவர் தொகை உயர்ந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆராய்ச்சி என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் அம்முறை பயன்படுமா என்பதை நம் மண்ணில், நம் பாஷையில், நம் பிள்ளைகளிடமே பரீட்சித்து அறிய வேண்டும். தமிழ் நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து கொடுக்கின்றனர். அதே கால்கள் மனச்சோர்வுற்ற பிள்ளையின் வீட்டுக்கும் வாரம் ஒரு முறை போகக் கூடாதா?

சம்மதம் யாருடையது?

நம் பிள்ளைகளிடம் பரீட்சை வேண்டும் என்று நாம் சொல்லும்போது, கசப்பான ஒரு பாடத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2009-ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதராவிலும், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 10 முதல் 14 வயதுள்ள சுமார் 24,000 சிறுமியருக்கு ஊசி போட ஏற்பாடாயிற்று. பலர் பழங்குடிச் சிறுமியர்; விடுதியில் தங்கிப் படித்தவர். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் பத்திரங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. 2013-ல் பார்லிமெண்டுக் கமிட்டி அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லது என்பது இக்குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. ஏழைப் பிள்ளைக்கு நல்லது செய்வதானாலும் அப்பிள்ளையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இன்று நமக்கு விதிகள் உண்டு. மருந்துப் பரீட்சைகளைப் பொதுப் பதிவேட்டில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து நெறிமுறைகள், பெற்றோர் சம்மதத்தோடு, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்து மூலமான இணக்கமும் வேண்டும் என்கின்றன. 2019-ம் வருஷத்துப் புதிய விதிகள் பரீட்சையினால் தீங்குற்றோருக்கு நஷ்ட ஈட்டையும் வைத்திய உதவியையும் வகுத்துள்ளன. விதி ஏட்டில் இருக்கிறது. அதை ஊரில் உயிரோடு வைப்பது ஜனங்களின் விழிப்பே.

செய்ய வேண்டியவை

நாம் கோருபவை நான்கு. முதலாவது, நம் நாட்டில் பிள்ளைகளிடம் நடக்கும் எந்த மருந்துப் பரீட்சையின் முடிவும், கம்பெனிக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், குறித்த காலத்துக்குள் முழுவதும் வெளியாக வேண்டும். இரண்டாவது, சம்மதப் பத்திரம் உப்பளத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். எந்தச் சமயத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாவது, மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும், முதல் வாரங்களில் அப்பிள்ளையை நேரிற் சென்று பார்க்க ஒருவரைப் பெயர் குறித்து ஏற்படுத்த வேண்டும். நான்காவது, பொதுப் பணத்தைக் கொண்டு, நம் கலாசாலைகள் நம் கடற்கரைக் கிராமங்களிலேயே இச்சிகிச்சையைப் பரீட்சித்து உண்மையைக் காண வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நம் ஊழியர்கள் கைகட்டி நிற்கலாகாது. தொழிற் சங்கத்தார் கூலியைப் பற்றிப் பேசக் கூடும் இடத்திலேயே இதையும் பேசலாம். பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாம். திமிர் என்றும் பேய் என்றும் சொல்வோருக்கு, இது வியாதி, இதற்குச் சிகிச்சை உண்டு என்று எடுத்துரைக்கலாம். உயிர் வாழ விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை விளையாட்டாக எண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாம். 14416 என்ற எண்ணில் சர்க்காரின் 'டெலி மானஸ்' சேவை கட்டணமின்றித் தமிழிலும் பேசும் என்பதை ஒவ்வொரு குப்பத்திலும் எழுதி ஒட்டலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பிள்ளையை ஒழுங்காகப் போய்ப் பார்க்கும் மனம் வேண்டும். அந்த மனம் மருந்தின் பயனை எவ்வளவு உயர்த்தும் என்பதைப் பரீட்சைகளே எண்ணிக் காட்டிவிட்டன. இனி அதைச் செய்து காட்டுவது நம் கடமை.